குருவின் நிலாக்களுக்கு நான்கு கடலை

அறுபதுகளில் சிராங்கூன் சாலைக் கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். வியாழன்தோறும் கோயிலில் குரு பகவானுக்குக் கொண்டைக்கடலை மாலை கட்டிக் கொடுப்பது என் முறை. மேடையேறிப் பாடவோ பேசவோ தெரியாத எனக்கு அந்தக் கோயிலில் இருந்த இடம் அது ஒன்றுதான்.

ஒரு புதன்கிழமை மாலை, பொதுச் சமையலறையில் ஊறிய கடலையைக் கோத்துக்கொண்டிருந்தேன். தேநீருக்கு வெந்நீர் வைக்க வந்த பக்கத்து அறை யாழ்ப்பாணத்து ஆசிரியர் கையில் ஏதோ ஆங்கிலச் சஞ்சிகை.

"அக்கா, உங்கட குருவுக்குப் பெரிய நிலவு நாலு இருக்கு. அதுகளில பனிக்கட்டி இருக்கலாம் எண்டு சொல்லினம்."

"அவ்வளவு தூரத்துல தண்ணி எப்படிங்க வந்துச்சு?"

"உண்டாகேக்கையே சேர்ந்திருக்கலாம். பனிக்கட்டி சுமந்த வால்வெள்ளி விழுந்தும் வந்திருக்கலாம். ஆனா வியாழன் பிறந்த புதுசில சரியான சூடு. எட்ட நிண்ட ரெண்டையும்விடக் கிட்ட நிண்ட ரெண்டும் கூடக் காய்ஞ்சிருக்கும். நிலவுக்கு இழுக்கிற பலம் குறைவு. ஆவியாப் போனது திரும்பி வராது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. கடலை ஊறுவதும் அடுப்படியில் சுருங்குவதும் நான் தினம் பார்ப்பதுதானே. நான்கு கடலையைத் தனியே எடுத்து, இரண்டை அடுப்போரம் காயவைத்தேன்; இரண்டைத் தண்ணீரிலேயே விட்டேன். மறுநாள் காலை, மாலைக்குக் கீழே தனி நூலில் சுருங்கிய இரண்டைக் கிட்டவும் ஊறிய இரண்டை எட்டவும் தொங்கவிட்டு எடுத்துப் போனேன்.

கோயில் அறங்காவலர் மாலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, குருவுக்கு ஜிமிக்கியா?"

"அவரைச் சுத்தற நிலாங்க. கிட்ட உள்ளது காஞ்சது, எட்ட உள்ளது தண்ணியுள்ளது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நவக்கிரகம் ஒம்போதுதான்லா. மூணாவது படிச்ச நீ பதிமூணாக்கப் போறியா? எந்த சாஸ்திரத்துல இருக்கு?" என்றார் அறங்காவலர்.

"வானத்துல இருக்குங்க."

அவர் முகம் கறுத்தது. "அதை அறுத்துட்டுக் குடு. இல்லேன்னா முறை வேற வீட்டுக்குப் போயிடும்."

அந்த நிலாக்களில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்ததும் எடுத்ததும் ஆண்டவன் செயல்தான். அதை அவன் சந்நிதியிலேயே சொல்ல நான் ஏன் கூச வேண்டும்?

"அறுக்க மாட்டேங்க."

முறை போயிற்று.

"நாலு கடலைக்காகவா?" என்று என் வீட்டுக்காரர் தலையிலடித்துக்கொண்டார். மாலையை வேறு வட்டாரத்துக் கோயிலுக்கு எடுத்துப் போனேன்; அங்கே குருக்கள் விவரம் கேட்டு, "போட்டா என்னம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று அந்த மாலையைச் சாத்தினார். ஆனால் அதன் பிறகும் நான் நேரே அங்கே போய்விடவில்லை. வியாழன்தோறும் முதலில் பழைய கோயிலுக்குத்தான் போனேன். வேறொருத்தி கட்டிய மாலையைக் கும்பிட்டு, அறங்காவலர் கண்ணில் படும்படி என் மாலையைத் தட்டில் ஏந்தி, ஒன்பது சுற்றும் சுற்றி வந்த பிறகே அடுத்த கோயிலுக்குப் பேருந்து ஏறினேன்.