காய்ச்சல் காரணமாக

அந்த ஒரு வருடத்தில் அவள் எழுதிய விடுப்புக் கடிதங்கள் முப்பத்து நான்கு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ‘என் மகளுக்குக் காய்ச்சல் காரணமாக இன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவளுக்குக் காகிதத்துக்கா பஞ்சம்? வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளை அளவாக அடுக்கி, ஓரத்தில் பசை தடவி, சின்ன பேடாகச் செய்து சமையலறை ஜன்னலில் வைத்திருந்தாள். பக்கத்திலேயே தெர்மாமீட்டர். காலை ஏழேகாலுக்கு மகளின் நெற்றியில் கை வைப்பாள். அப்புறம் கழுத்தில். அதிலும் மனசு சமாதானமாகாமல் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகுவாள். ஏழரைக்கெல்லாம் கடிதம் தயாராகி, வேனுக்குக் காத்திருக்கும் எதிர்வீட்டுப் பெண்ணின் கையில் போய்விடும்.

மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. வீட்டில் வாலு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது பள்ளிக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. உட்கார வைத்தால் உட்கார்ந்த நாற்காலிக்குத்தான் களைப்பு வரும், அப்படி ஒரு பிள்ளை.

ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அவள் இப்படி விழுந்து விழுந்து பார்த்ததில்லை. மூக்கு ஒழுகினால் கைக்குட்டையைச் சட்டையில் குத்தி, “போயிட்டு வாடி ராஜாத்தி” என்று வேனில் ஏற்றிவிட்டவள்தான். மூன்றாம் வகுப்பு என்று ஆனதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பள்ளி திறப்பதற்கு முன் தலைமை ஆசிரியையிடம் போய், “வேற செக்‌ஷன்ல போடுங்க மேடம்” என்று கேட்டும் பார்த்தாள். மூன்றாம் வகுப்புக்கு ஒரே செக்‌ஷன்தான், ஒரே டீச்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

வாலுவுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பையன் இருந்தான். பெரியவன். ஐந்து வருடத்துக்கு முன்பு, இதே பள்ளிக்கூடத்தில், இதே மூன்றாம் வகுப்பில், இதே டீச்சரிடம் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலையில் எழுந்து, “தலை வலிக்குதும்மா” என்றான். தொட்டுப் பார்த்தாள். லேசாகத்தான் சுட்டது. அன்றைக்கு வகுப்பில் டிக்டேஷன் என்பதும், முந்தின நாள் அவன் புத்தகத்தைத் தொடவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். “உன் தலைவலி எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்துக்கொண்டே பாதி மாத்திரையைப் பாலோடு விழுங்க வைத்து அனுப்பினாள். அவளுக்கும் அன்று வேலை மலையாகக் குவிந்திருந்தது. பரீட்சைத் தாள்கள் கட்டுக் கட்டாகத் தைத்து சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும்.

பதினொரு மணிக்கு டீச்சர் போன் செய்தாள். “பையனுக்கு உடம்பு முடியல, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

“ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளைல வந்துடறேன் டீச்சர்.”

போய்ச் சேர்ந்தபோது ஒன்று இருபது. பெரியவன் கடைசி பெஞ்சில் சுருண்டு கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு, யாரோ தெரியாத ஒருத்தியிடம் பேசுவது மாதிரி, “எங்கம்மா வருவாங்க” என்றான். மூளைக் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான்.

“பதினொரு மணிக்கே வந்திருந்தாலும் பெரிசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா” என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அவர் சொன்னதில் ‘பெரிசா’ என்ற ஒரு சொல் மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பெரிசா மாறியிருக்காது என்றால், கொஞ்சமாவது மாறியிருக்குமா? யாரிடம் போய்க் கேட்பது?

அவள் கணவன் பஸ் டிரைவர். சம்பவம் நடந்த அன்று விடிவதற்கு முன்பே டியூட்டிக்குப் போய்விட்டிருந்தான். ஏன் அனுப்பினாய் என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டதில்லை. பையனின் படங்களையும் உடைகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்போது வாலுவுக்கு மூன்று வயது. அண்ணன் என்று ஒருவன் இருந்தான், சாமிகிட்டப் போய்விட்டான், அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது.

பிள்ளைகளுக்கு வீட்டின் பலவீனம் எது என்று கண்டுபிடிக்க வெகு நாள் ஆகாது. தலை சுடுகிறது என்று சொன்னால் போதும், அன்று வீட்டுப்பாடம் இல்லை, கணக்கு இல்லை, அம்மாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பாள் என்பதை வாலு இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு வாராந்தர ஓய்வாக இருந்த ஒரு காலையில் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினாள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

“நூத்தி ஏழு!”

அடுப்படியிலிருந்து அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். நூற்றியேழு டிகிரிக் காய்ச்சல்காரி அதற்குள் கதவுப் பிடியில் தொங்கி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள். மேஜையில் அவனுடைய டம்ளரில் டீ ஒரு சொட்டுகூடக் குறையாமல் ஆவி பறக்க இருந்தது. டம்ளர் ஓரத்தில் தெர்மாமீட்டரை நனைத்த ஈரம்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “டீக்குத்தான் காய்ச்சல். டீய ஸ்கூலுக்கு அனுப்பாத” என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, மகளைப் பிடித்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நடிப்பு என்று தெரிந்துபோயிற்று. ஆனாலும் அன்றும் கடிதம் எழுதினாள். அதற்கடுத்த வாரமும் எழுதினாள். நடிப்பு என்று ஒரு தடவை முடிவு கட்டியவள் அல்லவா அவள்?

அரைப்பரீட்சை முடிந்து மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அதுவரை டீச்சர் நிற்கிற பக்கமே அவள் போனதில்லை. கேட்டில் கண்டால் அவசரமாகப் பையைத் துழாவுவாள். டீச்சரும் அதே மாதிரி வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவாள். இருவருமே ஒருவரையொருவர் பார்க்காமல் வருடத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்கள்.

பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். காலி வகுப்பில் டீச்சர் ஒரு சின்னக் காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய விடுப்புக் கடிதங்கள்.

“இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா வருகைப் பதிவு பத்தாது. மறுபடி மூணாவதே படிக்க வேண்டி வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. வகுத்தல் சுத்தமா வரல. கெட்டிக்காரப் பொண்ணுங்க அவ, வந்தான்னா ஒரு மாசத்துல பிடிச்சுடுவா.”

“உடம்பு முடியலன்னா எப்படி டீச்சர் அனுப்பறது?”

டீச்சர் கடிதக் கட்டின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அஞ்சு வருஷமா சொல்லணும்னு இருக்கேன். அன்னைக்கு முதல் பீரியடே டிக்டேஷன். உங்க பையன் தலையக் கவுத்துப் படுத்துட்டான். நடிக்காதடா, எழுந்து எழுதுன்னு அதட்டினேன். எழுந்து உக்காந்தான். பத்து வார்த்தையும் எழுதினான். அதுக்கப்புறம்தான் தொட்டுப் பார்த்தேன்.”

வெளியே மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. அவள் கேட்டாள்:

“எத்தன சரி டீச்சர்?”

“எட்டு.”

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். குற்றத்தில் பங்குக்கு இன்னொருத்தி வந்துவிட்டாளே, பாரம் குறையும் என்று யாராவது நினைக்கலாம். குறையவில்லை. தலை வெடிக்கிற வலியோடு பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்று அவள் நினைவில் புதிதாக வந்து சேர்ந்துகொண்டது. அச்சகம் வரை நடந்தே போனாள். வழியில் இரண்டு பஸ் அவளைத் தாண்டிப் போயின.

வகுப்பில் விளையாட்டுப் போட்டி அறிவித்தார்கள். வாலு தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுகிறவள். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை விறகுக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப் பழகினாள். ஒரு மாதத்தில் ஒருநாள்கூடத் தலை சுடவில்லை. தானே எழுந்து, தானே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, வேனுக்கு முதல் ஆளாக நின்றாள்.

போட்டி நாளன்று காலை தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு காட்டியது.

“ஒண்ணும் பண்ணலம்மா! நேத்து ஓடினேன்ல, அதான்!”

“வேண்டாம்.”

“ஓடலன்னா எங்க டீம் தோத்துடும். அப்பா, நீயாவது சொல்லு!”

அவன் டியூட்டி உடுப்பில் நின்றுகொண்டிருந்தான். அன்று காலை எட்டு மணிக்கு ஷிப்ட். மனைவி முகத்தைப் பார்த்தான். “இன்னைக்கு ஒருநாள் விட்டுடேன்” என்றான், கேட்டும் கேட்காத குரலில்.

“அப்ப நீங்க பொறுப்பேத்துக்குங்க.”

அவன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். முப்பத்து நான்காவது கடிதம் எதிர்வீட்டுப் பெண்ணின் கையில் போயிற்று. வாலு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வேன் திரும்பிப் போவதைப் பார்த்தாள். அழவில்லை. மத்தியானம் தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்து கிடந்தது. காய்ச்சல் என்று ஒன்று இருந்திருந்தால்தானே?

அவளுக்குப் பதில் ஓடிய பெண் குச்சியைத் தவறவிட்டாள் என்று சாயங்காலம் செய்தி வந்தது. வாலு இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து நின்றாள்.

“அண்ணனுக்கு நெஜமாவே காய்ச்சல். அவன நீ ஸ்கூலுக்கு அனுப்புன. எனக்கு ஒண்ணுமே இல்ல. என்ன மட்டும் அனுப்ப மாட்டேங்கற.”

சட்டை அவள் கையிலேயே நின்றது. “யாரு சொன்னா?”

“எதிர்வீட்டு அக்கா. எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.”

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் குழாயை நிறுத்தினான். வாசற்படி வரை வந்தான். பிறகு திரும்பிப் போய்க் குழாயை மறுபடி திறந்துவிட்டான்.

அவள் நாற்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அச்சகத்துக் கத்தரியால் வெட்டினாள். உள்ளேயிருந்த படத்தில் அண்ணனின் முகத்தை வாலு வெகு நேரம் பார்த்தாள். முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. அம்மா சொல்லத் தொடங்கினாள். தலைவலி என்று சொன்னது, பாதி மாத்திரை, பதினொரு மணி போன், எதையும் விடவில்லை.

“நீ ஏன் உடனே போகல?”

“வேலை இருந்துச்சு.”

“என்ன வேலை?”

“பரீட்சைப் பேப்பர் தைக்கிற வேலை.”

“அது அவ்வளவு முக்கியமா?”

“அன்னைக்கு முக்கியமாத்தான் தெரிஞ்சுது.”

வாலு படத்தின் தூசியைத் தன் பாவாடையால் துடைத்தாள். “நான் தெர்மாமீட்டர டீல வச்சேன். நெறைய தடவ.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வீட்ல வச்சுக்கிட்ட?”

அவள் மகளைப் பிடித்து மடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வாலு வந்தாள், ஆனால் முன்பு மாதிரி சரிந்து விழவில்லை, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் தாயைப் பற்றித் தெரிய வேண்டாத ஒன்று தெரிந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு அவள் கடிதம் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எழுதுவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. தினமும் பத்தரைக்கு அச்சகத்தின் மாடிப்படியில் நின்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்வாள். டீச்சர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. “நல்லாத்தான் இருக்கா, வாய் மூடல. தலைவலி எனக்குத்தான்” என்பாள். அப்படி ஒரு நிமிடம் பேசுவதைத் தவிர இருவரும் நட்பாகிவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது.

வருடக் கடைசியில் தலைமை ஆசிரியையிடம் டீச்சர் மன்றாடியதில், வாலுவை எப்படியோ நான்காம் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். நான்காம் வகுப்பு பள்ளிக்கூடத்தின் மாடியில். முதல் நாள் அவளே மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். படிக்கட்டின் அடி வரைக்கும்தான் பெற்றோருக்கு அனுமதி. வாலு கையை உருவிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். திருப்பத்தில் ஒரு நொடி நின்று கீழே பார்த்தாள். “நீ வேலைக்குப் போம்மா” என்றாள். சொன்ன விதத்தில் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

மணி அடித்தது. அவள் அங்கேயே நின்றாள். இந்தப் படியில் பெரியவன் ஒருநாளும் ஏறியதில்லை. மாடியில் ஜன்னல் எந்தப் பக்கம், எந்த டீச்சர் அதட்டுவாள், மத்தியானத்தில் வெயில் எங்கே அடிக்கும், எதுவும் அவளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் வந்து, “அம்மா, கேட்டைச் சாத்தணும்” என்று சொல்லும் வரை நின்றாள்.

அச்சகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவள் மடித்த தாள்களில் பாதியைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டியிருந்தது. அவற்றில் பக்க எண் ஒன்றுகூட வரிசையில் வரவில்லை.