பம்மல் கோமளாவின் இடது காது

கைப்பேசியில் வரும் குழுச் செய்திகளை நான் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மட்டுமே படிப்பேன். ஓய்வுபெற்ற பிறகு வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது. அதனால்தான், எங்கள் மெல்லிசைக் குழுவின் பாடகி கோமளா அம்மா காலை எட்டரை மணிக்கு மாரடைப்பில் இறந்த செய்தி எனக்கு மாலையில் தெரிந்தது. அஸ்தினாபுரத்திலிருந்து பம்மலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவருடைய மருமகள், "நீங்க ஆறு மணிக்குத்தான் பாப்பீங்கன்னு அத்தை சொல்லியிருக்காங்க சார். போன் பண்ணணும்னு எங்களுக்குத்தான் தோணல" என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நன்றாகத் தெரியும். என்னைத் தெரிந்திருக்காது. நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்தவன். குழுவின் ஒலிக்கலவை மேசையில் உட்காருபவன். மேடையில் இருப்பவர்கள் காதில் எது எவ்வளவு விழ வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. அஞ்சலி எழுத நான் தகுந்தவன்தானா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. குழுத் தலைவர், கீபோர்டு வாசிக்கும் பாஸ்கர், "நீங்கதான் சார் எழுதணும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வரைவுகளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

பகலில் தோல் கையுறை தைக்கும் பட்டறையில் வேலை, சாயங்காலம் கல்யாண வரவேற்பு மேடை என்று முப்பது வருடங்களுக்கு மேல் பாடியவர் அவர். அந்த வருடங்களெல்லாம் டிரம்ஸுக்கு இடப்பக்கத்தில் நின்றே பாடியதில் அவருடைய வலது காது மெல்ல மெல்லப் போய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இடையிசை முடிந்து சரணத்தை எடுக்கும் இடத்தில் அவர் தடுமாறுகிறார் என்பதுதான். ஒரு ஆடி மாதக் கோயில் மேடையில் மூன்று பாட்டுகளில் முந்தியோ பிந்தியோ எடுத்துவிட்டார். மறுவாரம் குரோம்பேட்டையில் பாஸ்கர் வீட்டு மாடியில் ஒத்திகை. "இனிமே அக்கா ரெண்டு பாட்டு பாடினா போதும். மத்ததுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார் பாஸ்கர். கோமளா அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார். எனக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. வழக்கம்போல் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழுவுக்கு இன்-இயர் வந்தது. மேடை விளிம்பில் படுத்துக் கிடந்து எல்லாருக்கும் ஒரே சத்தத்தைக் கொட்டும் மானிட்டர் பெட்டிகள் போய், அவரவர் காதுக்குள் செருகிக்கொள்ளும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிகள் வந்தன. இடுப்பில் ஒரு ரிசீவர் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கலவையை நான் மேசையிலிருந்து அனுப்பலாம். முதல் நாள் கோமளா அம்மா ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார்.

"இன்னா சார் இது, கெணத்துல எறக்கி வுட்ட மாரி கீது! எதிர்ல ஜனம் குந்திகினு கீதா, எழுந்து பூட்ச்சான்னே தெர்ல."

அவர் சொன்னது சரிதான். காதை அடைத்துவிட்டால் கூட்டத்தின் சத்தம் வராது. மறுமுறை மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக்கை வைத்து, அதையும் அவர் காதுக்குக் கொஞ்சம் அனுப்பினேன். அப்போதும் அவர் ஒரு காதில் மட்டுமே செருகிக்கொண்டார். ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டால் ஏன் சத்தத்தைக் கூட்டத் தோன்றும், அது மிச்சமிருக்கும் செவியை எப்படிக் கெடுக்கும் என்பதையெல்லாம் எட்டு அம்சங்களாக எழுதி, படமும் வரைந்து கொடுத்தேன். அடுத்த ஒத்திகைக்கு அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார், நீங்க குடுத்த பேப்பர லவ் லெட்டர்னு நெனச்சிக்கினு என் மருமவ பிரிச்சிட்டா. எட்டு பாயின்ட்டும் படிச்சிட்டு, இதுல லவ் எங்க கீதுன்றா!"

நான் வெட்கப்பட்டதைப் பார்த்து டிரம்ஸ்காரர்வரை எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அவர் இரண்டு காதிலும் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது என் தவறு. இசைக்குழுவில் உட்கார்ந்த ஆரம்ப நாளிலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். இடையிசை ஓடும்போது தாள வட்டங்களை வாய்க்குள் எண்ணுவேன். எண்ணிக்கையோடு வேறு ஏதாவது முணுமுணுப்பும் சேர்ந்துகொள்ளும். மேசையில் எனக்கென்று ஒரு மைக் உண்டு; மேடையில் இருப்பவர்களிடம் பேச அதைத் திறக்க வேண்டும், பேசி முடித்ததும் மூட வேண்டும். தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், கோமளா அம்மாவின் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு மூட மறந்துபோனேன். அவர் காதுக்கு மட்டும் நான் பாட்டு முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று அவர் ஒரு சரணத்தையும் தவறவிடவில்லை. ஒரு பாட்டின் நடுவே மட்டும், காரணமில்லாமல், பாஸ்கரைப் பார்த்துச் சிரித்தார்.

இடைவேளையில் நேரே மேசைக்கு வந்தார். "இன்னா சார், வெளிய வாயத் தொறக்க மாட்டீங்க, உள்ள இவ்ளோ பேச்சு பேசுறீங்க? 'ஆறு, ஏழு, எட்டு, இப்போ'ன்றீங்க. 'ஐயோ பாஸ்கர், கல்யாணத்துக்கு வந்தவங்க சாப்பிடப் போகணும், முடிங்க'ன்றீங்க!"

மன்னிப்புக் கேட்டு, உடனே மூடிவிடுவதாகச் சொன்னேன்.

"மூடிகீடி வெச்சிடப் போறீங்க! இத்தினி நாளா எங்க எடுக்கணும்னு தெரியாம பாஸ்கர் மூஞ்சியவே பாத்துகினு நிப்பேன். எனக்கு வலது காது கேக்கல சார். இன்னிக்குத்தான் நிம்மதியா பாடுனேன்."

எனக்கு அது நிம்மதி தரவில்லை. முப்பது வருடம் தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நின்றவன் நான். விடை சொல்லிக்கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பல நாள் யோசித்து, கடைசியில் அவரிடமே கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. "பஸ்ஸுல கண்டக்டர் விசில் அடிக்கிறாரு. அதுக்காவ டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெர்லன்னு அர்த்தமா சார்?"

மறைத்துவைக்கவும் அவர் விரும்பவில்லை. அடுத்த ஒத்திகையில், எல்லாரும் இருக்கும்போது, பாஸ்கரிடம் நேராகச் சொன்னார். "எனக்கு ஒரு காது அவுட்டு. எடுக்குற எடத்த சார் எண்ணிச் சொல்றாரு. இன்னா இப்போ?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார் பாஸ்கர்.

"சொல்லியிருந்தா அந்த ரெண்டு பாட்டையும் புடுங்கியிருப்ப."

பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் பட்டியலை எடுத்தார். அன்று கோமளா அம்மாவின் பெயருக்கு எதிரே ஐந்து பாட்டுகள் ஏறின. வேறு பாடகி தேடும் பேச்சு அதோடு நின்றது.

இரண்டு வருடங்கள் அப்படி ஓடின. நான் எண்ணுவேன், அவர் எடுப்பார். இந்தப் பொங்கலை ஒட்டிப் பொத்தேரியில் மாணவர்கள் நிறைந்த ஒரு மேடை. அவருக்கு ஏழு பாட்டு. இத்தனை இளைஞர்கள் முன்னால் ஒரு இடத்தில் பிசகினாலும் சிரித்துவிடுவார்களே என்று எனக்குப் பயம். அவருக்கு அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் பாட்டிலேயே பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஆடினார்கள். மூன்றாவது பாட்டுக்கு "அக்கா, ஒன்ஸ் மோர்!" என்று கூச்சல். அறுபத்து மூன்று வயதுக்காரர் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, "அக்காவா? பாட்டிடா நானு!" என்று மைக்கில் சொல்லிவிட்டு மறுபடி பாடினார். நான் வியர்க்க வியர்க்க எண்ணினேன். ஏழு பாட்டிலும் ஒரு சரணம்கூடப் பிசகவில்லை. கடைசிப் பாட்டு முடிந்தபோது எழுந்த ஆரவாரம் நெடுஞ்சாலைவரை கேட்டிருக்கும்.

எல்லாவற்றையும் கட்டிவைக்கும்போது, என் சரிபார்ப்புப் பட்டியலின்படி ஒவ்வொன்றாகப் பார்த்து அணைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் தெரிந்தது. அன்று காலை மேசையில் நான் புதிதாகச் சேமித்த அமைப்பில், என் மைக் கோமளா அம்மாவின் காதுக்குத் திருப்பிவிடப்படவேயில்லை. நான் எண்ணிய ஓர் எண்கூட அவருக்குப் போய்ச் சேரவில்லை.

மேடைக்குப் பின்னால் மாணவிகள் அவரைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக அழைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் சார். மொத பாட்டுலயே தெரியும்."

"கையைக் காட்டியிருக்கலாமே அம்மா?"

"காட்டியிருந்தா நீங்க பதறிப் போயி எல்லாத்தையும் அமுக்கி வுட்டுடுவீங்க." சிரித்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "ரெண்டு வருஷமா என் காதுக்குள்ள கீறீங்க. நீங்க எங்க மூச்ச வுட்டு 'இப்போ'ன்னு சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அடுத்த ப்ரோக்ராமுக்கு மறக்காம போட்டு வுடுங்க. பாஸ்கர நீங்க திட்டறத கேக்காம எனக்குப் பொழுதே போவல."

அதற்குப் பிறகு ஆறு மேடைகள் பாடினார். இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு பாடியதுதான் கடைசி. அவருக்குப் பதிலாக யாரையும் யாரும் நிறுத்தவில்லை. பட்டியலில் கடைசிவரை அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

கோமளா அம்மாவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பொத்தேரியின் பதிவு இருக்கிறது. எங்கள் மேசை ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியே பதிவு செய்துகொள்ளும். அவர் காதுக்குப் போகாத என் குரல் அதில் பதிவாகியிருந்தது. காரியம் முடிந்த மறுநாள், என் தடத்தையும் அவர் தடத்தையும் மட்டும் திறந்து, மற்றவற்றை மூடிவிட்டு, ஏழு பாட்டையும் உட்கார்ந்து கேட்டேன். ஆறு பாட்டுகளில் என் "இப்போ"வும் அவர் குரலும் ஒன்றாக விழுகின்றன. ஏழாவதில் மட்டும், ஏழு வட்டத்தில் முடியும் இடையிசைக்கு நான் ஒரு வட்டத்தை அதிகமாக எண்ணிவிட்டேன். நான் "எட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் சரியான இடத்தில் எடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறார்.