நாலு விரல் வெள்ளை

நெல்லித்தோப்பில் நான் பிரேம் கடை போட்டு இருபது வருஷம் ஆகிறது. சாமி படம், செத்தவர்கள் போட்டோ, இவ்வளவுதான் வேலை. படம் வரைகிற ஆள் என்று எனக்குத் தெரிந்தது கலைமகள் ஒருத்திதான். பக்கத்து மேட்டுப்பாளையத்தில் சோப்புக் கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. ஆறு நாள் அங்கே நின்றுகொண்டே அட்டைப்பெட்டி ஒட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டே வரைவாள். ஸ்டூல் கொடுத்தால், "உக்காந்தா கை சோம்பேறியாயிடும்ண்ணே" என்பாள்.

ஒருநாள் கேட்டேன். "கலர் டப்பால வெள்ளைய மட்டும் காணோமே, தீந்துபோச்சா?"

"வாங்குறதே இல்லண்ணே. வெளிச்சம் வேணும்ன்ற எடத்துல பேப்பர அப்படியே விட்டுடுவேன்."

"அப்ப பாதி வேலைய பேப்பரே பாத்துக்குதுன்னு சொல்லு."

சிரித்தாள்.

போன ஐப்பசியில் மழை விட்ட சாயங்காலத் தெருவை வரைந்தாள். மேலே கருநீலத்தில் கடைகள், கரண்டுக் கம்பி, ஒரு குடை. கீழே நாலு விரல் அகலம் வெறும் பேப்பர். அதில் மங்கலாய் இரண்டு இழுப்பு. ஒரு கண்காட்சிக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஒருநாள் காலையில் வந்து, அன்று சாயங்காலத்துக்குள் பிரேமோடு கொண்டுபோய்த் தர வேண்டும் என்று சொல்லி, என்னிடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

கையில் இருந்த ரெடி பிரேம் சின்னது. புதிதாக அறுக்கச் சோம்பல். கீழே வெறும் இடம்தானே என்று பிளேடை வைத்து இழுத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். பிரேமைத் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கீழ ரோடு எங்கண்ணே?"

"நீ குடுத்த பேப்பரே அவ்ளோதாம்மா."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் கண் என் மேசைக்குப் போனது. வெட்டிய துண்டின் மேல் என் டீ கிளாஸ். கிளாஸை நகர்த்தித் துண்டை எடுத்தாள். அதில் வட்டமாய் டீக்கறை. படத்துக்குக் கீழே வைத்துப் பிடித்தாள். வெறும் பேப்பர் என்று நான் வெட்டியது மழைத்தண்ணீராய் மின்னியது. கடை விளக்கெல்லாம் அதில் கிடந்தது. துண்டை எடுத்ததும் மேலே மிஞ்சியது வெறும் அழுக்குத் தெரு.

"தெரியாமப் பண்ணிட்டீங்க, விடுங்கண்ணே."

வெட்டியது தெரியாமல்தான். பொய் தெரிந்தே சொன்னது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்காட்சிக்குக் கொடுக்காமல் படத்தை வீட்டுக்கே எடுத்துப் போனாள்.

வேறு கடைக்குப் போயிருந்தாலாவது எனக்கு நிம்மதி. இன்னும் என்னிடமேதான் வருகிறாள். இப்போது அவள் கொண்டுவரும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எல்லை போட்ட மாதிரி சுற்றிப் பென்சில் கோடு இருக்கிறது. முன்பு அது கிடையாது.

போன வாரம் கடைக்கு வந்த ஒருவர், "இன்னா கோடு இது?" என்று கேட்டார்.

"சும்மா டிசைன்" என்றேன்.