பென்னியின் இரண்டாவது ரத்தப் பரிசோதனை

பென்னி கவரைப்பேட்டைக்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் நெல் அறுத்தவர். 1998 ஜூன் மாதம் பென்னி இரும்புக் கம்பி செய்யும் ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கே வருகைப் பதிவேடு எழுதியவன் நான். 2019இல் நான் ஓய்வு பெறும்வரை அவர் சொல்லாமல் வராத நாட்கள் நான்கு. அதில் இரண்டு அவர் அப்பாவின் சாவுக்கு. கடைசிவரை அவரை நிரந்தரமாக்கவில்லை. நான் பதிவேட்டில் எழுதியதை அவர் ஒருநாளும் மறுத்துக் கேட்டதில்லை.

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, அவருக்கு மாரடைப்பு வந்தது. சென்னையில் ஸ்டென்ட் வைத்து, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற பொருள் ரத்தத்தில் கலக்கும். சனிக்கிழமை காலை அதன் அளவு 4.6.

திங்கட்கிழமை, 10ஆம் தேதி, மறுபடியும் நெஞ்சு கனத்தது. அவர் மனைவி ரோசம்மாள் வந்து பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டார். மூவரும் ஆட்டோவில் கும்மிடிப்பூண்டி சாலையிலுள்ள சிறிய மருத்துவமனைக்குப் போனோம். ஈ.சி.ஜி.யில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. 10.05க்கு ரத்தம் எடுத்தார்கள். 4.1.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதல் மாரடைப்பில் ஏறிய அளவு இறங்கப் பத்து நாள்கூட ஆகும். இந்த ஒரு எண்ணை வைத்து வலி பழையதா புதியதா என்று சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஏறியிருந்தால் இன்னொரு மாரடைப்பு. அதுவரை படுக்கையை விட்டு எழக்கூடாது.

11.10க்கு ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் துளசிராமன் போன் செய்தார். குரல் எங்களுக்கும் கேட்டது.

“இன்னா பென்னி, ஊட்லயே குந்திக்கினா எப்டி? பன்னெண்டு மணிக்குள்ள மில்லு கேட்டாண்ட வந்து மூஞ்சியக் காட்டு. இல்லன்னா உன் பேர எடுத்துடுவேன்.”

பென்னி எழுந்து சட்டையை மாட்டினார். ரத்தம் எடுத்த நர்ஸ் ஏஞ்சல் ஓடி வந்தார்.

“அண்ணே, எங்க கெளம்பிட்டீங்க? ஒண்ணு அஞ்சுக்கு இன்னொரு தபா ரத்தம் எடுக்கணும்.”

“எல்லாத்தயும் நீயே உறிஞ்சிக்கினா, நான் இன்னாத்த வச்சிம்மா கம்பி இழுக்கறது?”

“யோவ், வெளயாடாத. படு” என்றார் ரோசம்மாள்.

பென்னி என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க சொல்லுங்க. கொறஞ்சிக்குதா, ஏறிக்குதா?”

சனிக்கிழமைச் சீட்டும் அன்றைய சீட்டும் என் கையில் இருந்தன. பார்த்தேன்.

“கொறஞ்சுதான் இருக்கு” என்றேன்.

“பாத்தியா, சாரே சொல்ட்டாரு!”

4.1 என்று போட்ட சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உடம்பு தேறிவிட்டது என்று கேட்டில் காட்டுவதற்கு. ரோசம்மாள் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. டாக்டர் வேறொரு நோயாளியிடம் இருந்தார். நான் போய் அவரைக் கூப்பிடவில்லை.

பென்னி 11.50க்கு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வெயிலில் காத்திருக்கச் சொன்னார்கள். 12.25க்கு விழுந்தார். மில் வேனிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். டாக்டர் அவர் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஏஞ்சல் ரத்தம் எடுத்தார். மணி 1.05. பென்னியின் உயிர் 1.20க்குப் போயிற்று. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

பரிசோதனை முடிவு 1.45க்கு வந்தது. 9.8.

ரோசம்மாள் அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

“இது ஏறிக்குதா சார்?”

“ஏறியிருக்கும்மா” என்றேன்.