நெஞ்சில் இடிக்காத ஸ்பீக்கர்

சர்க்கரை வியாதி என் மனைவியின் கண்ணைத்தான் முதலில் பிடித்தது. வலது கண் முழுவதும் போய்விட்டது. இடது கண்ணில் மார்கழிப் பனி இறங்கிய வயல் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனதை எதிர்பார்க்காதீர்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். அங்கே அவள் அழவில்லை. மறுநாள் காலையில் விளக்கேற்றி, பதிகப் புத்தகத்தைப் பிரித்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். பிறகு மூடி வைத்தாள். அப்போதுதான் அழுதாள்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் காலைப் பாராயணத்தை விட்டதில்லை. பாதிக்கு மேல் மனப்பாடம்தான். ஆனால் நடுவில் ஒரு அடி நழுவிவிடும். நழுவிய இடத்தில் ஏதோ ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிக்கொண்டு போக அவளுக்கு மனசு வராது. "தப்பாச் சொல்றதுக்குச் சொல்லாமலே இருக்கலாங்க" என்பாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாசித்துக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். பிரிக்க வேண்டியதைச் சேர்த்தும் சேர்க்க வேண்டியதைப் பிரித்தும் நான் படித்ததை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், "போதுங்க, உங்களுக்கு வயலுக்கு நேரமாச்சு" என்று எழுப்பிவிட்டாள்.

மயிலாடுதுறையில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வந்தபோது ஒரு வழி சொன்னாள். அவள் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்தி மூலையில் கிடந்தது. அதைத் துடைத்து மேஜையில் வைத்து, ஒரு ஓதுவார் பாடிய பதிகங்களை அதில் ஏற்றினாள். கீபோர்டில் இரண்டு இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள்.

"அம்மா, தடவிப் பாரு. பெரிய பொட்டத் தொட்டா நிக்கும், இன்னொரு தடவ தொட்டா ஓடும். சின்னப் பொட்டு, பின்னாடி போறதுக்கு."

போனிலேயே கேட்டால் ஆகாதா என்று கேட்டேன். "போன் கண்ணாடி வழவழன்னு இருக்குப்பா, அம்மா விரலுக்கு எது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இதோட பழைய ஸ்பீக்கர் செத்துப்போச்சு. நல்லதா ஒண்ணு வாங்கிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உளுந்து விற்றதில் இரண்டாயிரம் ரூபாய் எடுத்து வைத்தேன். கண்ணுக்கு ஊசி போடுவது இருந்ததால் அதற்கு மேல் கை நீளவில்லை.

எங்கள் ஊரில் சத்தம் சம்பந்தப்பட்ட எதற்கும் மைக் செட்காரரைத்தான் கேட்போம். காதுகுத்து, திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர்தான். மூன்று ஊர் தள்ளிக் கேட்டால் நல்ல செட், கேட்காவிட்டால் மட்டம். எங்களுக்குத் தெரிந்த தராசு அவ்வளவுதான். அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போனேன்.

"எதுக்குங்க ஐயா, பாட்டு கேக்கவா, படம் பாக்கவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாத்துக்குந்தான். சத்தத்தக் கூட்டுங்க" என்றார் மைக் செட்காரர்.

இரண்டு சின்னப் பெட்டியும், தரையில் வைக்கிற ஒரு பெரிய வூஃபரும் சேர்ந்த செட் அது. நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. அட்டைப்பெட்டியில் வாட்ஸ் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, நெஞ்சுல கை வச்சுப் பாருங்க. இடிக்குதா?"

இடித்தது.

"அப்ப இதான்."

கடைக்காரர் நல்ல மனிதர். "பெட்டியில போட்டிருக்க நம்பர வச்சு முடிவு பண்ணாதீங்க ஐயா, அது அச்சடிக்கிறவன் இஷ்டம்" என்று சொல்லி, விளக்கு எதுவும் இல்லாத ஒரு கறுப்பு ஜோடியைக் காட்டினார். மைக் செட்காரர் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே இது, டிபன் பாக்ஸா?" நானும் சிரித்தேன். பெரிய செட்டைக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் மடியில் வைத்து ஊர் வந்து சேர்ந்தோம்.

வூஃபரைச் சுவர் மூலையில் வைத்தேன். அவளை எதிரே உட்காரவைத்துப் போட்டேன். வீடே அதிர்ந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

நான் நம்பினேன். தினமும் காலையில் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவேன். பத்து நாள் இருக்கும். வாய்க்காலில் அன்று எங்கள் முறைக்குத் தண்ணீர் வரவில்லை. சீக்கிரமே திரும்பிவிட்டேன். வீட்டுக்குள் பதிகம் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. அவள் உதடு அசையவில்லை. விரல் சின்னப் பொட்டைத் தொட்டது. பாட்டு பின்னால் போய் மறுபடி வந்தது. திரும்பவும் தொட்டாள். திரும்பவும் வந்தது. ஏழெட்டு தடவை அப்படி. கடைசியில் பெரிய பொட்டை அழுத்தி நிறுத்திவிட்டு, நான் நிற்பது தெரியாமல் சுவாமி படத்தின் பக்கம் முகத்தை வைத்துச் சொன்னாள்: "வெளங்கலப்பா எனக்கு. இவ்வளவுதான் குடுப்பினை போலருக்கு. இன்னையோட விட்டுடுறேன்."

செருமினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவ்ளோ வெயில்ல போயி சொமந்துட்டு வந்தீங்க. எப்படிங்க சொல்றது?" கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கெணத்துக்குள்ளேர்ந்து பாடுறாப்ல இருக்குங்க. ராகம் வருது. சொல்லு வரல" என்றாள்.

நெல் வாங்க வருகிற வியாபாரி ஒரு மணியைத் தன் பல்லில்தான் கடித்துப் பார்க்கிறார். அடுத்தவர் பல்லை நம்பி யாரும் மூட்டை பிடிப்பதில்லை. நான் என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து அவள் காதுக்கு வாங்கியிருக்கிறேன். அன்று சாயங்காலம் கோயிலில் போய் நின்றபோது எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. மன்னிச்சுக்கப்பா என்று மட்டும் சொன்னேன்.

மைக் செட்காரரிடம் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணிக்கின்னு நீங்க சொல்லவே இல்லையேண்ணே" என்றார். பிறகு தானே வந்து அந்த செட்டைத் தூக்கிக்கொண்டு, நான் கொடுத்த விலையைக் கையில் திணித்தார். "எம்பொண்டாட்டி திட்டுறது காதுல விழாம இருக்க எனக்கும் ஒண்ணு வேணும்ல." என் மனைவி அன்றைக்குத்தான் வெகு நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

இந்த முறை அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். பதிகத்தைப் பென்டிரைவில் ஏற்றி மகள் அனுப்பியிருந்தாள். கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

"தம்பி, கொறைங்க."

குறைத்தார்.

"இன்னும் கொறைங்க."

"இதுக்கு மேல கொறைச்சாக் கேக்காதும்மா."

"எனக்குக் கேக்குது தம்பி."

சார்ஜர் வாங்க வந்த ஒருத்தர், "என்னங்கம்மா, எறும்பு பாடுறதயா கேக்குறீங்க?" என்றார்.

"எறும்பு பாடுனாலும் சொல்லு தெளிவா இருந்தாக் கேப்பேன்" என்றாள் திரும்பாமல்.

கடைக்காரர் அவராகவே ஃபேனை நிறுத்தினார். மூன்று ஜோடி மாற்றி மாற்றிப் போட்டார். முதல் ஜோடியில் தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. இரண்டாவதற்கு, "தகரத்துல மழ பேயுறாப்ல இருக்கு" என்றாள். மூன்றாவதில் கையைத் தூக்கினாள். ஒரு பாட்டு முழுவதும் ஓடியது.

"இதுல அவரு மூச்சு வாங்குறது கேக்குது" என்றாள். "எந்த எடத்துல பிரிச்சுச் சொல்றாருன்னு தெரியுது."

நாங்கள் டிபன் பாக்ஸ் என்று சிரித்த ஜோடிதான் அது. விலையும் ஒதுக்கியதற்குள் அடங்கியது. "மேஜை மேல, அம்மா காது உசரத்துக்கு வைங்க ஐயா. ரெண்டும் அவங்க மொகத்தப் பாத்தாப்ல இருக்கணும். மூலையில ஒட்டி வச்சீங்கன்னா திரும்பக் கொழகொழன்னு ஆயிடும்" என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலையில் நான் வயலுக்குப் போகவில்லை. அவள் குளித்து, திருநீறு பூசி, தடவித் தடவித் தானே விளக்கேற்றினாள். ஓதுவார் குரல் வந்தது. அவள் உதடு மெல்ல அசைந்தது. முதலில் அரை அடி பின்தங்கி வந்தாள். ஐந்தாவது பாட்டில் ஒரு அடி நழுவியது. சின்னப் பொட்டு. மறுபடி நழுவியது. மறுபடி சின்னப் பொட்டு. மூன்றாம் தடவை சொல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் கடைசி வரை அவள் நிற்கவில்லை. நான் தூணோடு தூணாகக் கை கூப்பி நின்றிருந்தேன்.

முடித்துக் கும்பிட்டுவிட்டு, நான் இருக்கிற பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு இன்னுங் கொஞ்சம் கொறைச்சு வைங்க. எங்கொரலும் எனக்குக் கேக்கணும்ல."

குறைத்து வைத்தேன்.