பாலர் பள்ளிக்கு மணியடித்துப் போனோம்

மலேசியாவில் கூலாய்க்குக் குடிவந்தபோது மகளுக்கு நான்கு வயது. கணவருக்குச் பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்குள் தொழிற்சாலைப் பேருந்து வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு வாடகை வீட்டில் நானும் மகளும் மட்டும்தான்.

மகள் வெளியாட்களிடம் வாயே திறக்க மாட்டாள். வீட்டுக்குள் ஓயாமல் பேசுபவள், கதவைத் தாண்டியதும் என் துப்பட்டாவுக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வாள். பழக்கமில்லாததுதான் காரணம், மற்ற பிள்ளைகளோடு விட்டால் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். அவர் சொன்னதோடு விட்டிருக்கலாம். நான் இணையத்திலும் தேடிப் படித்தேன். படித்துவிட்டு, ஊரில் மாமியார் மடியில் விட்டு வளர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ, நாள் முழுக்க என் முகத்தையே பார்த்து வளர்ந்ததால்தான் இப்படியோ என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டது.

பாலர் பள்ளியில் இடம் கிடைத்தது. பள்ளி வேனில்தான் இடம் கிடைக்கவில்லை. நடந்து போகலாமென்றால், வெயிலில் அவள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுவாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கும்பகோணத்தில் கல்லூரி முடிக்கும்வரை சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். இங்கேயும் வண்டிகள் இடப்பக்கமாகத்தான் போகின்றன என்பது கொஞ்சம் தைரியம் தந்தது.

"கொஞ்ச நாள் ஓட்டிப் பாரு. பயமா இருந்தா விட்டுடு, அடுத்த வருஷம் சேத்துக்கலாம்" என்றார் கணவர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ 'அடுத்த வருஷம்' என்ற சொல்தான் பெரிய பயமாக இருந்தது. இன்னொரு வருடம் இந்த நான்கு சுவருக்குள் இருந்தால் அவள் பேசவே மாட்டாளோ?

பழைய நீல நிற சைக்கிள் ஒன்று வாங்கினோம். பின்னால் வாரோடு கூடிய குழந்தை இருக்கை. அவளுக்குத் தலைக்கவசம், எனக்கும் ஒன்று. மணி வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரச் சீனப் பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றி மாட்டிக்கொடுத்தார்.

எங்கள் குடியிருப்பில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வீட்டு முன்பும் கார். சாலையோரம் முழங்கால் ஆழத்துக்கும் மேலே திறந்த சாக்கடை. இங்கே அதற்கு லோங்காங் என்று பெயர். காலையில் எந்தக் கேட்டிலிருந்து எந்தக் கார் பின்னோக்கி வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஊர்ப் பழக்கப்படி ஒவ்வொரு கேட்டுக்கும் மணியடித்தேன். எங்கள் ஊரில் யாராவது குறுக்கே வந்து மோதிக்கொண்டால், "மணியடிச்சு வரக்கூடாதா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மணியடித்து வந்தவர் மேல் பிசகில்லை.

முதல் நாள் பாதித் தெரு தாண்டியபோது, எனக்குப் பின்னால் கேட்டுகள் திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வரிசைத் தமிழ் அக்கா, கைலியோடு பர்ஸைத் துழாவிக்கொண்டே வெளியே வந்தார்.

"பாய், ரொட்டி ஒன்னு, காயா பன் ரெண்டு" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "அலமாக்! நீங்களா?"

காலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் பாயிடமும் ஒரு கைமணி உண்டு. அதைத்தான் தெருவே எதிர்பார்த்திருக்கிறது. நான் கூச்சத்தோடு மணியிலிருந்து விரலை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்ககிட்ட ரொட்டி இல்ல. இட்லிதான் இருக்கு."

என் மகள்தான்! முன்பின் பழகாத ஒருவரிடம்! அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. மணியடித்ததில் தவறில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் இரண்டொரு நாளில் ரொட்டிக்கார பாய் என்னை நிறுத்தினார். "ஏம்மா, என் யாவாரத்துக்கு எதிர் யாவாரமா? நீ அடிக்கறப்ப எல்லாரும் வெளிய வராங்க. நான் அடிக்கறப்ப, 'அது அந்தச் சைக்கிள் பொண்ணு'ன்னு யாரும் வர மாட்டேங்கறாங்க!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் முகம் சுருங்கிவிட்டது. பிழைக்க வந்த ஊரில் இன்னொருவர் பிழைப்பைக் கெடுக்கிறேனே.

மறுநாள் மணியைத் தொடவில்லை.

அன்றுதான் கோடி வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கார் பின்னோக்கி வந்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தி, இடது காலை ஊன்றினேன். என் செருப்பு லோங்காங் விளிம்பில் நின்றது. கார் ஒரு முழத்துக்கு அப்பால் நின்றது.

"அம்மா, இன்னொரு தடவ!" என்றாள் மகள்.

காரிலிருந்து மலாய்ப் பெண் ஒருவர் அவசரமாக இறங்கினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டைவிரலைக் காற்றில் அழுத்திக் காட்டி, "லோச்செங் மானா? லோச்செங்!" என்றார். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா எனக்கு விளக்கினார்.

"மணி எங்கன்னு கேக்கறாங்க. தெனம் ஒங்க மணி கேட்டு, நீங்க தாண்டிப் போன பெறகுதான் காரை எடுப்பாங்களாம். இன்னிக்கு நேரமாயிட்டு, நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு எடுத்துட்டாங்க. ஏன் லா அடிக்கல?"

நான் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாயே வந்து சேர்ந்தார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், புள்ளைய வெச்சுக்கிட்டுப் போறவங்கள இப்படியா வெரட்டி விடுவீங்க?"

"நான் தமாசுக்குச் சொன்னேங்க!"

"உங்க தமாசுக்கு லோங்காங்ல விழுந்திருப்பாங்க. நீங்க மணிய விட்டுட்டு ஹாரன் அடிங்க."

"ஹாரனா? அடிச்சா முதல் வீட்டு அண்ணன் எந்திரிச்சு வந்து என்னைய ரொட்டி மாதிரி பிச்சுடுவாரு."

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மலாய்க்காரப் பெண்ணுக்கும் அக்கா விடாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாயே முடிவு சொன்னார்: "நான் இழுத்து அடிக்கறேன். நீ சுருக்கா ரெண்டு தட்டு தட்டும்மா. தெருவுக்கே தெரிஞ்சுடும்."

அன்று பள்ளிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். மாலையில் கணவரிடம் நடந்ததைச் சொல்லி, "விட்டுடலாங்க" என்றேன். "சரி, விட்டுடு" என்றார் உடனே. மறுத்துப் பேசுவார் என்று நினைத்திருந்தேன் போல. அவர் ஒத்துக்கொண்டதும் எனக்குக் கோபம் வந்தது. "அவ்வளவுதானா? புள்ள பேச வேண்டாமா?" என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் ஒவ்வொரு கேட்டுக்கும் சுருக்கமாக இரண்டு தட்டு தட்டினேன். யாரும் பர்ஸோடு வரவில்லை. வெள்ளைக் கார் கேட்டுக்குள் விளக்கெரிய நின்றிருந்தது. உள்ளிருந்து ஒரு கை அசைந்தது. நான் கையை எடுக்கத் துணியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாலர் பள்ளி வாசலில் வழக்கமாக மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அன்று வாரை அவிழ்த்ததும் உள்ளே ஓடினாள். காலணி அடுக்கும் இடத்தில் ஆசிரியையின் சேலையை இழுத்து நிறுத்தி, என்னைக் கைகாட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கை இரண்டையும் அகலமாக விரித்தாள், காலைத் தூக்கிக் காட்டினாள், விழுவது போல நடித்தாள். ஆசிரியை கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தார்.

கார் எங்களை இடிக்கவில்லை, நாங்கள் விழவுமில்லை என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று தவித்தேன். பிள்ளையை ஆபத்தில் கொண்டுவருகிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ? ஆனால் நான் குறுக்கே போனால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். சொல்லட்டும் என்று சைக்கிளைத் திருப்பினேன்.