ஹாலில் ஒரு சத்தமில்லாத பெட்டி

"உங்கள் குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் இறைத்து முடித்த பிறகு மீண்டும் பதிவு செய்து அனுப்பவும்."

சென்னையிலிருந்து வந்த அந்த மின்னஞ்சலைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. அவர்கள் கேட்ட மோட்டார் என் கம்ப்யூட்டர்தான். துபாயில் ஏதோ ஆபீஸில் ஆறேழு வருஷம் உழைத்து ஓய்ந்துபோன அதை, என் கணவர் ஒரு லீவில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். சுவிட்சைப் போட்டால் நெல்லரைக்கும் மில் வாசலில் நிற்பது போல இருக்கும். ஆனால் எங்கள் கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சாமானைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சபுர் போனவர், அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர், கொண்டுவந்தது ஓட்டைக் குடையாக இருந்தாலும் அது 'ஃபாரின்' குடை. நான் சொன்னேன். அது குப்பை என்று சொன்னேன்.

மின்னஞ்சல் அனுப்பிய அந்தச் சென்னை நிறுவனம் பள்ளிப் பாடங்களைக் குரலில் பதிந்து, பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தது. வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம். நான் திருவாரூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். ரிசல்ட் வந்த அடுத்த மாதமே நிக்காஹ். டிகிரி சர்டிஃபிகேட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நாலு வருஷம் கழித்து எனக்கென்று ஒரு வேலை வாசல் வரைக்கும் வந்திருக்கிறது, அதை ஒரு ஓட்டை ஃபேன் விரட்டுவதா?

கணவரிடம் போனில் சொன்னேன்.

"இது எதுக்கு உனக்கு? நான் அனுப்புறது பத்தலையா?" என்றார்.

"பத்துதுங்க மச்சான். நான் பத்தலைன்னா சொன்னேன்? எனக்கு வேலை பாக்கணும்."

"ஊர்ல என்ன நினைப்பாங்க? பொண்டாட்டி சம்பாதிச்சுத்தான் சோறுன்னு பேசுவாங்க."

"பேசட்டும். அவங்க வாய்க்கு நானா பூட்டு போடறது?"

பிறகு ஒரு நிபந்தனை வந்தது. இன்னொரு தடவை அனுப்பிப் பார்க்கலாம். அதுவும் திரும்பி வந்துவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும், அதன்பின் எடுக்கவே கூடாது. சரியா என்று கேட்டார். சரி என்றேன். சென்னைக்காரர்கள் பத்து நாள் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பத்து நாளில் சத்தமே போடாத ஒரு கம்ப்யூட்டரை, பாகம் பாகமாக வாங்கி, நானே பூட்டுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணத்துக்கு முன் டியூஷன் எடுத்துச் சேர்த்தது வங்கியில் கிடந்தது. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் மாமியிடம், அதாவது என் கணவரின் அம்மாவிடம், அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஏனென்றால் நல்ல மேஜையும் ப்ளக்கும் ஹாலில்தான் இருந்தன. ஹால் மாமியின் ராஜ்ஜியம்.

"ஹால்லயா வைக்கப் போற?" என்றார் மாமி. "வர்றவங்க போறவங்க பாப்பாங்க புள்ள. லட்சணமா இருக்கணும். ஓயரும் அதுவுமா கொடல் சரிஞ்ச மாதிரி கெடந்துச்சு, தூக்கி மாடியில போட்டுருவேன்."

ஆக, எனக்குச் சத்தம் கூடாது, மாமிக்கு அழகு குறையக் கூடாது. இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கடைக்காரர் முதலில் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலீங்களா?"

"சார் துபாய்ல இருக்காரு. எனக்குத்தான் வேணும். சொல்லுங்க."

பாகங்களை உள்ளே பூட்டும் வெளிப்பெட்டி என்று அவர் எடுத்துக் காட்டிய கேபினெட்டைப் பார்க்க வேண்டுமே! முன்னால் சிவப்பு, பக்கவாட்டில் நீலம், உள்ளே பச்சை. தேர்த்திருவிழாவில் சீரியல் செட் போட்ட மாதிரி மின்னியது. எனக்கு வேண்டாம் என்றேன். விளக்கே இல்லாத, வெள்ளை நிறத்தில் சாதுவான ஒன்று மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதைக் கேட்டேன். "அது ஓடாத மாடல் மேடம், யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். "ஓடாட்டா நல்லது, எனக்கு உக்காந்தா போதும்" என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சண்டை. ஃபேன் பெரியதாக வேண்டும் என்றேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்று கிடைக்கும். சின்ன ஃபேன்தான் தலைதெறிக்கச் சுற்றிக் கத்தும். ப்ராசஸர் அதிகம் சூடாகாததாக வேண்டும் என்றேன். உள்ளே தட்டு சுற்றி முனகும் பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம், சுற்றாத எஸ்.எஸ்.டி. வேண்டும் என்றேன். அப்போது அது புதுசு. அவர் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. ஃபேன் அதிர்வு தகரத்தில் ஏறாமலிருக்க ரப்பர் வாஷர் கேட்டபோது மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"மேடம், கம்ப்யூட்டர்னா கொஞ்சம் சத்தம் இருக்கணும் மேடம். அப்பத்தான ஓடுதுன்னு தெரியும்?"

"எங்க வீட்ல ஓடுறத தெரிஞ்சுக்க ஸ்கிரீன் இருக்குங்க."

பூட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். என் கையால் பூட்டாவிட்டால் இந்தச் சண்டைக்கு அர்த்தமே இல்லை. பெட்டிகளை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு மன்னார்குடி வழியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மாமி நாற்காலி போட்டு எதிரில். மதர்போர்டை வைத்து, ப்ராசஸரை இறக்கி, அதன் தலையில் சூட்டை உறிஞ்சும் பெரிய ஹீட்சிங்க்கை உட்காரவைத்தேன். ஒயர்களையெல்லாம் பின்பக்கமாக இழுத்து, பின்னல் போட்டு, மாமி கொடுத்த வெள்ளை ரிப்பனால் கட்டினேன். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்து, அதை எடுக்க அரை மணி நேரம் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினோம். கடைசியில் பட்டனை அழுத்தினேன்.

"என்ன புள்ள, கரண்ட் இல்லையா?" என்றார் மாமி.

"ஓடுது மாமி."

காதைப் பெட்டியில் ஒட்டிவைத்துக் கேட்டார். திரையைப் பார்த்தார். மறுபடி காதை வைத்தார். "அடி ஆத்தாடி" என்றார். ஒன்றும் மறைப்பதற்கில்லை, அன்றைக்கு எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது. தெருவைக் கூட்டி எல்லோரையும் காது வைத்துக் கேட்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

பத்தாம் நாள் பதிவு. அது மின்வெட்டுக் காலம். பகல் மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும், போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்வெர்ட்டர் வீட்டிலிருந்தது, ஆனால் அதுவும் உறுமும். ஆகவே மூன்றுக்குள் முடித்தாக வேண்டும். பகல் சமையலை முடித்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பெட்டி மணப்பெண் கோலத்தில் நிற்கிறது. மெரூன் நிற வெல்வெட்டில் உறை, விளிம்பு முழுக்கத் தங்க ஜரிகை, முன்னால் பட்டனுக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னல்.

எங்கள் ஊரில் உறையில்லாமல் எந்தச் சாமானும் இருக்காது. டிவிக்கு உறை, ஃப்ரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட உறை. மாமி ஒரு பொருளுக்கு உறை தைத்துவிட்டார் என்றால், அது இந்த வீட்டுச் சாமான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொருள். துபாயிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டருக்கு அவர் ஒரு துண்டுத் துணிகூடப் போட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "எப்ப மாமி தச்சீங்க?" என்றேன். "நீ தூங்குறப்ப" என்றார். அந்தச் சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். காற்றோட்டம் பற்றிக் கடைக்காரருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தவள் நான்!

கால் மணி நேரம் போயிருக்கும். ஆறாம் வகுப்பு அறிவியல், இலை எப்படித் தனக்கு உணவு தயாரிக்கிறது என்ற பாடம். நடுவில் ஒரு முனகல் கேட்டது. பிறகு உறுமல். பிறகு பழைய மில்லே திரும்பி வந்துவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். என்னென்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். ஏமாற்றுக்காரர் என்றேன், பெண் என்றால் இளப்பமா என்றேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாக, "மேடம், பெட்டி மேல ஏதாச்சும் போர்த்தியிருக்கீங்களா?" என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தேன்.

இப்போது மாமியிடம் எப்படிச் சொல்வது? ராத்திரியில் கண் வலிக்க உட்கார்ந்து தைத்திருக்கிறார். சொல்லாமல் நானே உருவிப்போட்டால் அது அவரை உருவிப்போட்ட மாதிரி. மணி பன்னிரண்டரை. வேறு வழியில்லாமல் போய் நின்றேன்.

"மாமி, உறை ரொம்ப அழகா இருக்கு. ஆனா பெட்டிக்குப் பின்னாடியும் மேலயும் சூடு வெளிய போகணும். அது போகாம ஃபேன் கத்துது."

மாமி என்னைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். விறுவிறுவென்று போய் அதைக் கழற்றினார். "மூச்சு முட்டுதுன்னு அப்பவே சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபம்தான். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் குரல் கட்டிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

பெட்டி ஆறி, ஃபேன் அடங்க, மறுபடி தொடங்கினேன். அடுத்த தொல்லை கிளம்பியது. பெட்டி அமைதியானதும்தான் வீட்டின் மற்ற சத்தமெல்லாம் தெரிய வந்தது. மார்பிள் தரை, உயரமான கூரை, நான் ஒரு சொல் சொன்னால் சுவர் நாலு சொல் சொன்னது. சீலிங் ஃபேன், ஃப்ரிட்ஜ், அரை மணிக்கொரு தரம் பாட்டுப் பாடும் சுவர்க்கடிகாரம். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து மாமி வந்தார், இரண்டு கை நிறையக் கம்பளிகளோடு. சபுரிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் வரும் கனத்த கம்பளிகள், புலிப்படம் போட்டது ஒன்று, ரோஜாப்பூ போட்டவை இரண்டு. தஞ்சாவூர்ச் சீமை வெயிலில் அவற்றை யார் போர்த்துவது? பீரோவிலேயே கிடந்தவை. என் புலம்பலைக் கேட்டிருக்கிறார் போல. கொடிக்கயிறு கட்டி, மேஜையைச் சுற்றி மூன்று பக்கமும் தொங்கவிட்டார். ஃப்ரிட்ஜை நிறுத்தினார். ஃபேனை நிறுத்தினார். நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். "படி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வைகாசி மாதப் பகலில், காற்றில்லாமல், மூன்று கம்பளிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனால் காதில் என் குரல் மட்டும்தான் இருந்தது. வேறெதுவும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரர் எங்கள் தெருமுனையில் ஹார்ன் அடிப்பதை மாமி எப்படியோ தடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தேன். வாசலில் மாமியின் போன் அடித்தது.

"இப்ப பேச முடியாது தம்பி. அவ வேலையில இருக்கா." மகனிடம்தான் பேசினார். "ஆமா, வேலைதான். நீ வேலையில இருக்கேன்னு சொன்னா நாங்க வச்சிடல? வை போன."

அத்தனையும் மைக்கில் பதிந்துவிட்டது. அந்தப் பத்தியை மட்டும் மறுபடி படித்தேன். இரண்டே முக்காலுக்கு அனுப்பினேன்.

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பு அறிவியல் முழுவதும் எனக்கு. எந்த ஸ்டுடியோவில் பதிவு செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மாமியிடம் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

அன்று மாலை கணவர் பேசினார். விஷயம் அவருக்கு முன்பே போயிருந்தது.

"சரி, ஜெயிச்சுட்ட. வாக்குன்னா வாக்கு. இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மச்சான், ஒரு உண்மையச் சொல்லட்டுமா? அது திரும்பி வந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்."

"அப்ப அன்னைக்கு சரின்னு சொன்னியே?"

"பெட்டியப் பூட்டுறதுக்குப் பத்து நாள் சண்டையில்லாம வேணும்ல" என்றேன்.